தெருவே ஆஃப்லைனில் இருந்த நாற்பத்தொரு நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு நாற்பது. முதலில் கண்ணில் பட்டது ஒரு சட்டை.

கருநீலம். கோடு இல்லை, கட்டம் இல்லை. முழுக்கை. இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நின்றது. அதற்குக் கீழே ஒரு பழைய லுங்கி. இந்த இரண்டுக்கும் சொந்தக்காரனான பிரபு, வாசலில் நின்று போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, கிழக்கே ஒரு அடி, தெற்கே ஒரு அடி என்று நகர்ந்துகொண்டிருந்தான்.

கோவில்பதாகையில் இது யாரும் திரும்பிப் பார்க்கிற காட்சி இல்லை. எங்கள் தெருவில் எல்லோரும் தினமும் ஒரு முறையாவது இப்படி நிற்பவர்கள்தான். நானே இந்தப் பத்தியை வாராவாரம் மொட்டை மாடித் தண்ணீர் தொட்டியின் வடமேற்கு மூலையில் நின்றுதான் அனுப்புகிறேன். ஆனால் இஸ்திரி போட்ட சட்டையோடு யாரும் சிக்னல் தேடி நான் பார்த்ததில்லை.

மாடியில் நான். கீழ் போர்ஷனில் பிரபுவும் அவன் அம்மா கஸ்தூரியும். இரண்டு குடும்பமும் வாடகைதான். பிரபுவுக்கு இருபத்தெட்டு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு உதிரி பாகம் கடையும் கம்பெனியில் ஆறு வருடமாக வேலை. பிறவியிலேயே காது கேட்காது. பேசுவது கையால்.

அவனுடைய மொழியில் எனக்கு ஒரு பத்து வார்த்தை தெரியும். மோட்டார் போடு, பால் வந்தது, கரண்ட் போச்சு, நெட் இல்லை... அந்தக் கடைசி ஒன்றுதான் அதிகம் புழங்குவது. அவர்கள் வட்டத்தில் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்ல மாட்டார்கள். ஆளுக்கு ஒரு சைகை வைத்துவிடுவார்கள். எனக்கு வைத்திருந்தது, மூக்குக் கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிடுவது. நாற்பது வருடமாக என்னிடம் இருக்கிற பழக்கம். அதைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஒரு வாரம்தான் ஆனது.

"இருந்தது" என்று எழுதுகிறேன். ஏனென்றால் அந்தப் பெயர் ஞாயிறு மாலை ஐந்து மணி நான்கு நிமிடத்தோடு போய்விட்டது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

*

சில வாரங்களுக்கு முன் இதே இடத்தில் நெட்டைப் பற்றிப் புலம்பியிருந்தேன், நினைவிருக்கலாம். ப்ரீபெய்டு பிளான், நாளைக்கு ஒன்றரை ஜி.பி. மாலை நான்கு மணிக்கெல்லாம் 'உங்கள் தினசரி டேட்டாவில் 90 சதவீதம் தீர்ந்தது' என்று ஒரு மெசேஜ். பிறகு அந்த வட்டம். சுற்றும்... சுற்றும்... கேஸ் புக் பண்ணுவதற்குள் குழம்பு கொதித்து இறங்கிவிடும்.

கேபிள் போட்டுக்கொள்ளலாமே என்று சிலர் எழுதியிருந்தீர்கள். மெயின் ரோடு வரை வந்திருக்கிறது. எங்கள் தெருவுக்குள் வர நான்கு கம்பம் வேண்டும். ஒரு கம்பம் வந்தது. ஒன்பது மாதமாகப் படுத்த நிலையில் இருக்கிறது. மாலையில் நாலு பேர் உட்கார்ந்து பேச வசதியாக இருக்கிறது.

போனில் மட்டும் ஏன் இவ்வளவு மோசம்? அதற்கும் எங்கள் தெருவே காரணம். போன வருடம் தெருமுனையில் ஒரு குடையை நட்டு, மேஜை போட்டு, சிம் விற்றார்கள். நம்பர் மாற்ற வேண்டாம், கம்பெனியை மட்டும் மாற்றினால் போதும் என்றார்கள். முதலில் ஒரு வீடு மாறியது. நன்றாக இருக்கிறது என்று அடுத்த வீட்டுக்குச் சொன்னது. அது அதற்கடுத்த வீட்டுக்கு. மூன்றே நாளில் தெரு மொத்தமும் ஒரே கம்பெனி. ஏரிப் பக்கம் இருக்கிற ஒரே டவர். நன்றாக இருந்தது என்னவோ முதலில் மாறிய அந்த ஒரு வீட்டுக்குத்தான், அதுவும் அந்த மூன்று நாள்.

நல்லதைப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லாமல் இருக்கத் தெரியாத தெரு. அதுதான் எங்கள் பிரச்சினை.

*

ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கஸ்தூரி மாடிப்படியில் இருந்து கூப்பிட்டார்.

"மேடம், ஒரு நிம்சம் கீழ வாங்களேன். இந்த போனு சுத்திகினே கீது."

கஸ்தூரியின் குரல் தெருவிலேயே பெரியது. காது கேட்காத மகனை வளர்த்தவருக்கு இவ்வளவு பெரிய குரல் எதற்கு என்று குடிவந்த புதிதில் யோசித்திருக்கிறேன். மகனுக்காக ரேஷன் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் பஸ்ஸிலும் பேசிப் பேசி ஏறிய குரல் என்று பிறகு தெரிந்தது.

போகும்போதே விஷயத்தைச் சொன்னார். திருநெல்வேலிப் பெண். பெயர் மாரிச்செல்வி. அவளுக்கும் காது கேட்காது. ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். இருவருக்கும் பாடம் எடுத்த ஆசிரியை ஒருவர் சொல்லி, இரண்டு மாதமாக வீடியோ பதிவு செய்து அனுப்பிக்கொள்கிறார்கள். இவன் காலையில் அனுப்பினால் அது போய்ச் சேர மத்தியானம் ஆகும். நேருக்கு நேர் பேசுவது இன்றுதான் முதல் முறை.

"அந்தப் பொண்ணு ஒரே கண்டிசன் போட்டுச்சு மேடம். நான் அவராண்ட நேரா பேசணும். நடுவுல யாரும் பேசக் கூடாது. பேசி புடிச்சிருந்தாதான் எங்க ஊட்டுலேர்ந்து மாப்ள ஊடு பாக்க வருவாங்கன்னு."

"யார் யார் வருவார்கள்?"

"நாலு பேர். அப்பா, அம்மா, மாமா, சித்தி. பொண்ணு வராது. பொண்ணு வர்றது வயக்கமா இன்னா?"

இன்றே முடிவாக வேண்டியதற்கும் காரணம் இருந்தது. மாரிச்செல்வியின் அண்ணன் கப்பலில் வேலை செய்கிறவர். திங்கள் காலை கிளம்பினால் எட்டு மாதம் கழித்துத்தான் திரும்புவார். அவர் ஊரில் இருக்கும்போதே ஆம், இல்லை தெரிந்துவிட வேண்டும் என்று அங்கே பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது பிரபு ஜன்னலோரம் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். லுங்கி போய் பேன்ட் வந்திருந்தது. எதிரே அலமாரியில் சாய்த்த போன். திரையில் ஒரு பெண்முகம், சதுரம் சதுரமாக. கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழுப்புத் தீற்றல். நின்றது. இரண்டு நொடி நகர்ந்தது. மறுபடி நின்றது.

அடுத்து நான் செய்ததை எந்த அலங்காரமும் இல்லாமல் எழுதிவிடுகிறேன்.

கையை நீட்டி, திரையில் கேமரா படத்தை அமுக்கி, வீடியோவை அணைத்தேன். "வீடியோவை ஆஃப் பண்ணிட்டா வாய்ஸ் நல்லா வரும். இப்ப பேசுங்க" என்று சொல்லவும் செய்தேன்.

ஐந்து மணி நான்கு நிமிடம்.

எத்தனை ஆன்லைன் மீட்டிங், எத்தனை போன் பேட்டி... நெட் மெதுவாக இருந்தால் வீடியோவை அணை என்று கை பழகிவிட்டது. மூளையைக் கேட்காமலேயே கை போகிறது. நாற்பது வருடமாக மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவளின் கை.

பிரபு என்னைப் பார்த்தான். கஸ்தூரி என்னைப் பார்த்தார். கருப்புத் திரையில் என் முகமும் தெரிந்தது.

"இன்னா மேடம் பண்ணிட்டீங்கோ" என்றார் கஸ்தூரி. அந்தக் குரல் அவ்வளவு சின்னதாக வந்து நான் கேட்டதில்லை.

மறுபடி போட்டோம். அதற்குள் அந்தப் பக்கம் கட் செய்துவிட்டார்கள். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. கஸ்தூரி, மாரிச்செல்வியின் அண்ணனுக்குச் சாதாரண கால் போட்டார். ஸ்பீக்கரில் கேட்டது.

"தம்பி, நெட்டு சரியில்ல தம்பி. அதான் கட்டாயி..."

"எல்லாரும் இதத்தாம்மா சொல்லுதாவ." கோபமே இல்லாத குரல். "போன வருசம் ஒரு இடம் வந்துச்சு. மாப்பிள்ளய காட்டுங்கன்னா ஒவ்வொரு தடவையும் நெட் சரியில்ல, நெட் சரியில்லன்னாவ. அவங்க மாமாவே பேசிட்டு வச்சிருவாரு. கடைசில பாத்தா அந்தப் பையனுக்கு இதுல விருப்பமே இல்ல. எந்தங்கச்சி அதுக்கு மூணு மாசம் காத்துக் கெடந்தா. அதாம்மா கேக்குதேன்... தம்பிக்கு விருப்பம் இல்லன்னா இப்பமே சொல்லிருங்க. தப்பா நினைக்க மாட்டோம்."

கஸ்தூரி அதைப் பிரபுவுக்குக் கையால் சொன்னார்.

'நெட் சரியில்லை.' இந்த இரண்டு வார்த்தையை நாம் எத்தனை முறை பொய்யாகச் சொல்லியிருக்கிறோம்? பேசப் பிடிக்காத உறவினரிடம், வேலை முடிக்காத அன்று அலுவலகத்தில்... நானே இந்தப் பத்தி தயாராகாத வாரங்களில் ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். அத்தனை பேரும் சேர்ந்து பொய்யாக்கி வைத்த வார்த்தை. இன்று உண்மையாகச் சொல்ல வேண்டி வந்தது. நம்ப ஆள் இல்லை.

பிரபுவின் போனுக்கு மெசேஜ் வந்தது. மாரிச்செல்விதான். "முகத்தை ஏன் மூடினீங்க?"

எழுத்து அவர்களுக்கு இரண்டாவது மொழி. கைதான் முதல் மொழி. அதனால் இருவரும் சுருக்கமாகத்தான் எழுதுவார்கள். அவன் பதில் எழுதி அனுப்பிவிட்டு, போனை என் பக்கம் திருப்பிக் காட்டினான்.

"நான் மூடல. மாடி வீட்டு மேடம் மூடிட்டாங்க. பேப்பர்ல வேலை பாத்தவங்க. வாய்ஸ் நல்லா வருமாம்."

பதில் வந்தது.

"எந்த மேடம்? காட்டுங்க. ஆறே கால் வரைக்கும்தான். அப்புறம் வெளிச்சம் இருக்காது. கை தெரியாது."

*

மாடிக்குப் போனோம். தொட்டியின் வடமேற்கு மூலை. இரண்டு கோடு சிக்னல் காட்டியது. ஸ்பீடு பார்த்தேன். புள்ளி நான்கு. படம் அசையாது.

முதலில் வந்தவர் எதிர்வீட்டு ரஹீம் பாய். சிக்கன் பக்கோடா வண்டி வைத்திருக்கிறார். வண்டிக் கம்பத்தில் போனைக் கட்டி கிரிக்கெட் ஓடவிடுவார், சாப்பிடுகிறவர்கள் பார்க்க. அவர் தன் இன்னொரு போனோடு படியேறி வந்தார். "என் ஹாட்ஸ்பாட் எடுத்துக்கோங்க. எனக்கு டேட்டா மிச்சம் இருக்கு."

இரண்டாவது, பக்கத்து பிளாட் கார்த்திக். கோயம்புத்தூர்க்காரர். ஐ.டி. "ஏனுங்க்கா, என்ரதும் போட்டுப் பாக்கலாமுங்க." அவரும் ஹாட்ஸ்பாட் போட்டார். நானும் போட்டேன். நான்கு போன், மூன்று ஹாட்ஸ்பாட், ஒரே மூலை.

ஸ்பீடு புள்ளி மூன்றுக்கு இறங்கியது.

கார்த்திக்தான் முதலில் சிரித்தார். "அக்கா, எல்லாம் ஒரே டவருங்க. ஒரே குழாய்ல நாலு பேரு வாய வெச்ச கதைதானுங்க இது. இன்னிக்கு மேட்ச் வேற. தெருவே பாத்துட்டு இருக்குதுங்க."

ஐந்து இருபத்தெட்டு. பிரபு எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கஸ்தூரி அவனுக்குக் கையால் சொன்னார். அவன் புரிந்துகொண்டு வானத்தைப் பார்த்தான். ஏரிப் பக்கம் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்டூலைத் தூக்கி, வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி மேற்கே பார்த்துப் போட்டான். சட்டைக் கையை ஒரு மடிப்பு ஏற்றினான். அவ்வளவுதான் அவன் செய்ய முடிந்தது.

கஸ்தூரி கைப்பிடிச் சுவரோரம் போனார். தெருவைப் பார்த்து நின்றார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

"தே... அல்லாரும் கேளுங்கோ. எம் புள்ளைக்கு பொண்ணு ஊட்டுலேர்ந்து வீடியோ வருது. நெட்டு பத்தல. அரை அவுரு அல்லாரும் போன்ல நெட்ட ஆஃப் பண்ணிக்கோங்கோ."

ஜன்னல்கள் திறந்தன.

"யக்கா, இப்பதான் ரெண்டாவது இன்னிங்ஸ் ஸ்டார்ட் ஆவுது."

"அத்த அப்பால பாத்துக்கலாம் மாமே. உங் கல்யாணத்துக்கு நா எத்தினி நாள் அலஞ்சேன்?"

"அது போன்ல இல்லியே யக்கா."

"அதான் சொல்றேன். அப்ப கால தேச்சிகினு அலஞ்சேன். இப்ப நீ குந்தின எடத்துலயே ஒரு பட்டன அமுக்கு, போதும்."

எங்கோ சிரிப்பு. எதிர்வரிசையில் ஒரு பெண்: "பசங்க கேம் ஆடிகினு இருக்காங்கோ. புடுங்கி வெச்சிட்டேன், போங்கோ." இன்னொரு வீட்டில் சீரியல் பாதியில் நின்றது. படுத்துக்கிடந்த கம்பத்தில் உட்கார்ந்திருந்த நாலு பேர் போனை எடுத்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு அணைத்தார்கள். சீட்டாட்டத்தில் சீட்டைக் காட்டுவது போல.

ரஹீம் பாய் கீழே போனார். வண்டிக் கம்பத்தில் கட்டியிருந்த போனை அவிழ்த்தார். நின்று பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர் கேட்டார். "இன்னா பாய், ஸ்கோர்?"

"ஸ்கோர் அப்புறம். பக்கோடா இப்ப."

கார்த்திக்குக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஐந்தரை மணிக்கு அலுவலக கால். மேனேஜருக்குத் தட்டினார், சத்தமாக வாசித்துக்கொண்டே. "சாரி. நெட் இல்லை." என்னைப் பார்த்தார். "வாழ்க்கைல முதல் தடவையா நிஜமாச் சொல்றேனுங்க்கா."

நான் என் போனை அணைத்து ரவிக்கையில் செருகிக்கொண்டேன். இனி அந்தக் கைக்கு ஒரு வேலையும் கொடுப்பதில்லை என்று.

ஐந்து முப்பத்து மூன்று. பிரபுவின் போனில் கார்த்திக் ஸ்பீடு பார்த்தார். மூன்று புள்ளி எட்டு.

தெரு அணைத்ததால்தான் ஏறியதா, டவர்காரர்களுக்கே அந்த நேரத்தில் ஏதாவது தோன்றியதா, எனக்குத் தெரியாது. நேரில் பார்த்த எண்ணை மட்டும் எழுதுகிறேன்.

*

ஐந்து முப்பத்து நான்கு. மாரிச்செல்வி வந்தாள்.

சதுரம் இல்லை. தீற்றல் இல்லை. ஒரு மஞ்சள் சுவர், அதற்கு முன்னால் மெரூன் நிறச் சுடிதார். கோடு இல்லை, கட்டம் இல்லை. கை தெளிவாகத் தெரிய வேண்டும் என்று அவளும் யோசித்திருக்கிறாள். விரல் நகம் வரை தெரிந்தது.

நான்கு கைகளும் ஒரே நேரத்தில் கிளம்பின. இருவருமே நிறுத்தி, நீ சொல், நீ சொல் என்று காட்டிக்கொண்டார்கள். போனில் நாம் எல்லோரும் செய்வதுதான்.

இதில் நான் கவனித்த ஒன்று. மாடியில் நாங்கள் ஐந்தாறு பேர் நின்றிருந்தோம். யாரும் பேசவில்லை. தும்மல் வந்த ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கி ஓடினார். மேலே திரும்பி வந்த ரஹீம் பாய் செருப்பைக் கழற்றிவிட்டு நுனிக்காலில் நடந்தார். சத்தமே இல்லாத ஒரு போன் பேச்சுக்காக ஒரு மாடி முழுக்க மூச்சடக்கி நின்றது. இதை யாரும் யாருக்கும் சுட்டிக்காட்டவும் இல்லை.

கஸ்தூரி மட்டும் கிசுகிசுப்பாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சமைப்பியான்னு கேக்குது."

"என்ன சொன்னான்?"

"முட்ட மட்டும்னான். அதுவும் பாதி நாளு கருகிடும்னு சொல்றான், பேமானி. இத்த போய் சொல்லுவானா யாராச்சும்?"

திரையில் மாரிச்செல்வி சிரித்தாள். ஏதோ கேட்டாள். பிரபு திரும்பி என்னைப் பார்த்து வா என்றான்.

போனேன். கேமராவுக்கு முன் நின்றேன். பிரபு அவளிடம் என்னை அறிமுகம் செய்தான். கண்ணாடியைத் தலைக்கு ஏற்றும் சைகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஆள்காட்டி விரலை நீட்டி, காற்றில் ஒரு பட்டனை அமுக்கினான். அமுக்கிவிட்டு, முகத்தின் மேல் ஒரு திரை விழுவது போல் கையை இறக்கினான்.

மாரிச்செல்வி அதே சைகையை அப்படியே திருப்பிச் செய்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பேரு மாத்திட்டான் உங்களுக்கு" என்றார் கஸ்தூரி. "ஆஃப் பண்றவங்கோ."

மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த பத்து வார்த்தையில் ஒன்றும் இல்லை. கும்பிட்டுவிட்டு நகர்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து மாரிச்செல்வி ஏதோ சொன்னாள். பிரபுவின் கை பாதியில் நின்றது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். கஸ்தூரிக்கு அது புரிந்துவிட்டது. எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்து நடந்ததிலிருந்து ஊகித்துக்கொண்டேன்.

தனியாகப் பேச வேண்டும் என்றால் நாம் என்ன செய்வோம்? குரலைத் தாழ்த்துவோம். அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவோம். அவர்களால் முடியாது. சிக்னல் இருப்பது அந்த ஒரு மூலையில்தான். கையைத் தாழ்த்தினால் பேச்சே இல்லை. இருபத்தெட்டு வருடமாக அந்தக் கைகளில் எழுந்த ஒவ்வொரு சொல்லையும் படித்தவர் நான்கடி தூரத்தில் நிற்கிறார்.

கஸ்தூரி திரும்பிக்கொண்டார். தண்ணீர் தொட்டியைப் பார்த்து நின்றார். தொட்டியில் பார்க்க ஒன்றும் இல்லை. பாசி, ஒரு குழாய், பழைய பெயின்ட். பதினெட்டு நிமிடம் அதையே பார்த்தார்.

நாங்களும் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டோம். எங்களுக்கு அந்த மொழி தெரியாது. இருந்தாலும் திரும்பிக்கொண்டோம்.

ஆறு மணி தாண்டியது. மேற்கே சிவப்பு மங்கியது. ஓரக் கண்ணால் பார்த்தேன், பிரபு ஸ்டூலை இன்னும் சுவரோரம் இழுத்தான். கை கருக்க ஆரம்பித்தது. ரஹீம் பாய் கீழே போனார். வரும்போது வண்டியின் சார்ஜ் விளக்கு அவர் கையில் இருந்தது. கீழே எட்டிப் பார்த்தேன். வண்டி இருட்டில் நின்றது. அடுப்பு மட்டும் எரிந்தது. வாடிக்கையாளர் ஒருவர் தன் போன் டார்ச்சில் பக்கோடா தின்றுகொண்டிருந்தார்.

பாய் முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டு, விளக்கை மட்டும் பிரபுவின் பக்கம் நீட்டிப் பிடித்தார். கை மாற்றிக்கூடப் பிடிக்கவில்லை.

ஆறு பதினைந்துக்குப் பேச்சு முடிந்தது. நாற்பத்தொரு நிமிடம். படம் ஒரு முறைகூட நிற்கவில்லை.

பிரபு எழுந்தான். எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவன் தோளைக் குலுக்கினான். யோசித்துச் சொல்கிறேன் என்றாளாம்.

கஸ்தூரி சுவரோரம் போனார்.

"போட்டுக்கோங்கோ."

தெரு முழுவதும் டிங், டிங், டிங் என்று அரை நிமிடம் கேட்டது. அடங்கியிருந்த மெசேஜ் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. அதைத் தொடர்ந்து ஒரு பெரிய 'ச்ச...' நாலு விக்கெட் போயிருந்தது. யாரும் கஸ்தூரியைத் திட்டவில்லை. ஒருவர் மட்டும் கேட்டார்.

"யக்கா, அரை அவுருன்னியே?"

"பொண்ணு பேசிகினே இருந்துச்சு. நா இன்னாத்த சொல்றது?"

"பேசிகினே இருந்துச்சா? அப்ப ஓகேதான் வுடு."

*

நாற்பது வருடம் செய்திகளோடு இருந்தவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் தவறு என்று முதலில் தேடுவது. இந்த விஷயத்தில் தேடினால் பட்டியல் நீளும். கம்பெனி, டவர், படுத்திருக்கும் கம்பம், நட்ட குடை, கடைசியாக நான்.

நன்றி சொல்ல வேண்டியவர்களின் பட்டியல் அதைவிட நீளம் என்பது ஞாயிறு அன்றுதான் தெரிந்தது. எங்கள் தெருவின் பதினைந்து வீட்டில் பாதிப் பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஐந்து வருடமாக இந்தத் தெருவில் இருக்கிறேன். அவர்கள் ஒன்றும் கொடுக்கவில்லை, ஓடி வந்து எதையும் தூக்கவில்லை. கையில் இருந்ததைக் கொஞ்ச நேரம் பயன்படுத்தாமல் இருந்தார்கள். அவ்வளவுதான். இந்தக் காலத்தில் போனை நாற்பது நிமிடம் சும்மா வைத்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கிற நேரத்தில் நீங்களே இரண்டு முறை எடுத்துப் பார்த்திருப்பீர்கள்.

கேபிள் வந்திருந்தால்? ஒவ்வொரு வீட்டிலும் அவரவர் நெட். பிரபு தன் அறையில் பேசி முடித்திருப்பான். எனக்கு ஒரு விஷயமும் தெரிந்திருக்காது. அதற்காகக் கேபிள் வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும். நாளையே வந்தால் நல்லது. கேபிள் கேட்டு மனு எழுதினால், அதில் முதல் கையெழுத்து என்னுடையது.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அங்கிருந்து தகவல் இல்லை. அண்ணன் கப்பலுக்குக் கிளம்பிவிட்டார் என்று மட்டும் தெரிந்தது. செவ்வாய் மாலை கஸ்தூரி மோட்டார் போட மறந்தார். அந்த வீட்டில் அது நடக்காத காரியம்.

புதன்கிழமை காலை பதினொன்று பத்து. கஸ்தூரி மாடிக்கு வந்தார். பிரபு வேலையில் இருந்து ஏதோ அனுப்பியிருக்கிறான், படம் திறக்கவில்லை, பார்த்துச் சொல்லுங்கள் என்று போனை நீட்டினார்.

ரயில் டிக்கெட் மாதிரி இருந்தது. முழுதாக இறங்காததால் மங்கலாகத் தெரிந்தது. திருநெல்வேலி என்பதை ஊகிக்க முடிந்தது. கீழே பெயர்ப் பட்டியல். எழுத்து எதுவும் தெரியவில்லை. வரிகளை மட்டும் எண்ண முடிந்தது.

"எத்தினி பேரு மேடம்?"

"இருங்க."

நடுவில் வட்டம் சுற்றியது. தொட்டியின் வடமேற்கு மூலைக்குப் போனோம். இந்த முறை நான் எதையும் அமுக்கவில்லை. இருவரும் நின்றோம். சுற்றியது... சுற்றியது...

படம் திறந்தது. ஐந்து பெயர்கள். ஐந்தாவது வரியில், மாரிச்செல்வி, பெண், வயது 26.